மாதம் ஒரு மதியம், ஐந்து பேர், ஒரு மேஜை

சம்பளம் வந்த வாரத்தில் ஒரு நாள் வெளியில் சாப்பிடுவது என்று 2013-இல் ஆரம்பித்தோம். அண்ணா சாலையில் அலுவலகம், கணக்குப் பிரிவு, ஐந்து பேர். கொரோனாக் காலம் நீங்கலாக ஒரு மாதமும் விட்டதில்லை. சுவைக்கு மார்க் போட நான் ஆள் இல்லை. கூட்டாகப் போனால் எந்த மாதிரி ஓட்டல் சரிப்படும் என்பதில் மட்டும் கொஞ்சம் அனுபவம் சேர்ந்திருக்கிறது.

முதலில் வெள்ளிக்கிழமைதான் போய்க்கொண்டிருந்தோம். திருவல்லிக்கேணிப் பக்கம் வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை நேரத்தில் ஆட்டோ நகராது. இரண்டு முறை மாட்டிக்கொண்ட பிறகு வியாழனுக்கு மாற்றினோம். வியாழன் என்றால் எங்களில் ஒருவர் கறி தொடமாட்டார். புரட்டாசி வந்தால் மூன்று பேர். கடைசியில் அசைவத்துக்கு நாள் குறிப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

அப்படி நாள் கூடி வந்தால் புகாரி. 1951-இலிருந்து அண்ணா சாலையில் இருக்கிறது. சிக்கன் 65-ஐ 1965-இல் கொண்டுவந்தது தாங்கள்தான் என்கிறார்கள். 65 நாள் கோழி, 65 துண்டு என்று வேறு கதைகளும் ஊரில் உலவுகின்றன. எங்கள் ஆடிட் தம்பி போகும்போதெல்லாம் புதிதாக ஒன்று சொல்வான். தட்டில் கடைசித் துண்டு மிஞ்சும்போது யாரும் எடுக்கமாட்டார்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதையை முடித்துவிட்டு அவன்தான் எடுப்பான்.

மோசமாகப் போனது ஒரு பஃபே. ஒருவருக்குப் பதவி உயர்வு, பெரிய நட்சத்திர ஓட்டல். பெயர் வேண்டாம். சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தது பத்து நிமிடம் இருக்குமா என்பதே சந்தேகம். ஒருவர் சூப்புக்குப் போனால் இன்னொருவர் தோசை வரிசையில் நிற்பார். பதவி உயர்வு கிடைத்தவர் பாதி நேரம் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்தார். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி. சாதாரண ஓட்டலில் 5 சதவீதம்தான். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஓட்டல்களில் இப்படி. அதோடு சேவைக் கட்டணம் வேறு. கணக்குப் பிரிவு ஆட்களிடமேவா! பேசி எடுக்க வைத்தோம், ஆனால் அன்றைய சந்தோஷம் போய்விட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமே சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

அதற்கு நேர் எதிர் காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும். சுற்றிலும் மேன்ஷன் அறைகளில் வாடகைக்குத் தங்கும் பையன்கள், ஊரிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். உள்ளே பேச நேரம் கிடைக்காது, அடுத்த பந்தி காத்திருக்கும். பேச்சு முழுக்க வாசலில்தான். எங்கள் அலுவலக ரகசியங்களில் பாதி அந்த நடைபாதையில்தான் வெளியே வந்திருக்கும்.

ஆனால் அதிகம் போனது திருவல்லிக்கேணி ரத்னா கபேதான். 1948-இலிருந்து இருக்கும் கடை. சாம்பார் இட்லி கேட்டால் இட்லி தெரியாது, சாம்பார்தான் தெரியும். ஸ்பூனால் ஓரத்தைக் கிள்ளினால் உள்ளே வெள்ளையாக ஆவி வரும். கொஞ்ச நேரத்தில் சாம்பார் வற்றி இட்லி தலை தூக்கும். அப்போது சர்வர் ஜக்கோடு வந்து நிற்பார். நம் முகத்தைப் பார்க்கமாட்டார், தட்டைத்தான் பார்ப்பார். ஊற்றிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். எங்கள் கேஷியர் அண்ணன் மூன்றாவது முறையும் ஊற்றச் சொல்லி, கடைசியில் இட்லியே இல்லாத சாம்பாரைக் குடித்துவிட்டு எழுந்திருப்பார். முதலில் எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது நாங்களும் அப்படித்தான்.

பில் பிரிப்பதிலும் அண்ணனுக்கு ஒரு முறை உண்டு. முன்பு மொய் நோட்டு மாதிரி ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார், யார் எவ்வளவு பாக்கி என்று. ஜிபே வந்த பிறகும் நோட்டை விடவில்லை. அதில் என் பேரில் 2016-லிருந்து 40 ரூபாய் நிற்கிறது. கொடுத்தாலும் வாங்கமாட்டார். "இருக்கட்டும்பா, கணக்கு முடிஞ்சா அப்புறம் நீ வரமாட்டே" என்பார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று மேனேஜர் ஏசி ஓட்டல் ஒன்றில் இடம் பிடித்திருந்தார். அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டார். மாலையும் பொன்னாடையுமாக ரத்னாவுக்கே போனோம். பொன்னாடையில் சாம்பார் சிந்தியது. இப்போது அவர் இருப்பது வேளச்சேரியில். மாதம் ஒரு வியாழன் பறக்கும் ரயில் ஏறித் திருவல்லிக்கேணியில் இறங்கி, எங்களுக்கு முன்னால் வந்து மேஜை பிடித்துவிடுகிறார். நோட்டு சட்டைப் பையில்தான் இருக்கிறது.