பழைய வண்டியில் எம்பிஎஃப்ஐ என்ஜின்: கம்பெனி ஒயரிங்கா, தனி ஈசியுவா?

பத்மினி, அம்பாசடர், காண்டெசா, கார்புரேட்டர் மாருதி 800 என்று எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும் சரி, எம்பிஎஃப்ஐ என்ஜின் (கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜின்) இறக்கலாமா என்று பேச்சு ஆரம்பித்தால் எல்லாரும் சிசியையும் கியர்பாக்ஸையும் மவுண்டிங்கையும் பற்றியே பேசுகிறார்கள். அதையெல்லாம் நல்ல லேத்காரரும் வெல்டரும் சேர்ந்து முடித்துவிடுவார்கள். வண்டி கத்திப்பாரா மேம்பாலத்தில் பாதியில் நிற்பதும் நிற்காததும் ஒயரிங்கில்தான் இருக்கிறது. அதற்கு உருப்படியான வழி இரண்டு: என்ஜின் வந்த வண்டியின் ஒயரிங்கையும் ஈசியுவையும் (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) அப்படியே கொண்டுவருவது, இல்லையென்றால் தனி ஈசியு வாங்கிப் புதிதாக ஒயர் இழுப்பது. மூன்றாவதாக ஒன்றும் சொல்வார்கள், புது என்ஜின் மேல் கார்புரேட்டரை உட்கார வைப்பது. அதைக் கடைசியில் பார்ப்போம். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு முதல் வழிதான் சரி என்பது என் கருத்து.

ஒயருக்குப் போவதற்கு முன்னால் ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே எடுத்துக்கொண்டது. அதனால் ஆர்டிஓவில் எழுத்தில் அனுமதி வாங்காமல் என்ஜினில் கை வைக்காதீர்கள். அதே மாடலுக்குக் கம்பெனியே எம்பிஎஃப்ஐ கொடுத்திருந்தால் அதையே தேடுவது நல்லது. அம்பாசடரில் 1817 சிசி இசுசு என்ஜின் எம்பிஎஃப்ஐயாகவும் வந்தது, மாருதி 800-லும் பின்னாளில் வந்தது. மவுண்டிங், ஒயரிங், சென்சார் எல்லாம் அந்த உடம்புக்கென்றே செய்தவை என்பதால் வேலையும் பாதியாகிவிடும்.

கம்பெனி ஒயரிங் வழியில் வேலை நன்றாக வருமா வராதா என்பது, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையிலேயே முடிவாகிவிடுகிறது. வண்டியைப் பிரிக்கிற அவசரத்தில் ஒயரை வெட்டிவிடுவார்கள். கப்ளருக்குப் பின்னால் இரண்டு விரல் நீளத்துக்கு ஒயர் தொங்கும், மேலே இருக்கும் நிறக்கோடு ஆயிலில் கறுத்துப் போயிருக்கும். அப்படிப்பட்ட என்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இந்த வழிக்கு அது உதவாது. என்ஜின், ஈசியு, முழு ஒயரிங், ரிலே பாக்ஸ், பெட்ரோல் பம்ப், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். கேபிள் இல்லாமல் மின்சாரத்தில் இயங்கும் த்ராட்டில் என்றால் ஆக்சிலரேட்டர் பெடலும் சேர்த்து. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத எலெக்ட்ரானிக் பூட்டு) இருக்கும் மாடல் என்றால் சாவி, சாவித்துளையைச் சுற்றியிருக்கும் காயில், அதன் பெட்டி, மூன்றும் அதே ஈசியுவோடு ஜோடியாக வரவேண்டும். சாவி தொலைந்த வண்டியின் ஈசியுவை வாங்கினால் செல்ஃப் அடிக்கும், என்ஜின் பிடிக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஹார்னஸை, அதாவது ஒயர்க் கட்டைத் தரையில் விரித்து, அந்த மாடலின் ஒயரிங் டயகிராமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹெட்லைட், வைப்பர், கதவு என்று என்ஜினுக்குச் சம்பந்தமில்லாத ஒயர்களை ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டும். வெட்டக்கூடாது, கப்ளர் பின்னோடு உருவ வேண்டும். பொறுமை வேண்டிய வேலை இது. முடிந்தபின் பழைய வண்டியோடு சேரும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: நேர் பேட்டரி கரண்ட், இக்னிஷன் கரண்ட், எர்த், பம்ப், ஃபேன், ஏசி, செக் என்ஜின் லைட், அப்புறம் ஸ்பீடு சென்சார். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய சுசூகி வடிவமைப்புகள் சிலவற்றில் அந்த சென்சார் ஸ்பீடோமீட்டருக்குள்ளேயே இருக்கும். மீட்டரை விட்டுவிட்டு வந்தால் வேகத் தகவல் ஈசியுவுக்குப் போகாது, செக் லைட் எரியும், சிக்னலுக்கு வந்து நிற்கும்போது ஐடில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) சரியாக நிற்காது.

இக்னிஷன் கரண்ட் எடுக்கும் இடத்தையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். பழைய சாவி ஸ்விட்சுகள் சிலவற்றில் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் சில முனைகளுக்குக் கரண்ட் நின்றுவிடும். கார்புரேட்டர் என்ஜினுக்கு அது பெரிய விஷயமில்லை, ஈசியுவுக்கு அந்த நொடியில்தான் கரண்ட் கட்டாயம் வேண்டும். டெஸ்ட் லாம்பை முனையில் வைத்துவிட்டு யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது லாம்ப் அணைந்தால் அந்த முனை வேண்டாம்.

தனி ஈசியு வழிக்கு வருவோம். அர்டுயினோ மெகா பலகை மேல் கட்டிய ஸ்பீடுயினோ, மெகாஸ்கவர்ட், இன்னும் விலை கூடிய பந்தய ஈசியுக்கள் என்று நிறைய இருக்கின்றன. இதன் சுகம் தனி. இம்மொபிலைசர் தொல்லை கிடையாது, எந்த ஒயர் எங்கே போகிறது என்பது நாமே இழுத்ததால் நமக்குத் தெரியும், வெட்டுப்பட்ட ஒயரோடு வந்த என்ஜினும் பிழைத்துவிடும். ஏபிஎஸ், மீட்டர், பாடி கன்ட்ரோல் எல்லாம் ஒன்றோடொன்று கேன் லைனில் (பெட்டிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது ஒயரில்) பேசிக்கொள்ளும் புதிய என்ஜின் என்றால் கம்பெனி ஈசியுவை ஏமாற்றி ஓடவைப்பதே பெரும்பாடு. அங்கே தனி ஈசியுதான் நேர்வழி.

ஆனால் ஒயரிங்கில் சுத்தம் வேண்டும். என்ஜின் சுழற்சியைப் படிக்கும் கிராங்க் சென்சார் காந்தச் சுருள் வகை என்றால் ஷீல்ட் உள்ள முறுக்கு ஒயரே போடவேண்டும், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இக்னிஷன் காயிலின் இரைச்சல் உள்ளே புகுந்து ரேஸ் ஏற்றும்போது மிஸ்ஸிங் அடிக்கும். சென்சார் எர்த்தும் இன்ஜெக்டர், காயில் எர்த்தும் தனித்தனியாக வரவேண்டும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் நம் ஊர் ஈரப்பதத்தில் பச்சை பிடித்துவிடும். நல்ல கிரிம்ப்பும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க்கும் போடுங்கள்.

அதைவிடப் பெரிய வேலை ட்யூனிங். குளிர்நாட்டுக்காரர்கள் காலை ஸ்டார்ட்டிங்கை சரிசெய்யவே படாத பாடு படுவார்கள், சென்னையில் அந்தக் கவலை அனேகமாக இல்லை. நமக்குத் தலைவலி சூடான என்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்வது. மே மாத மதியம் தி. நகரில் வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி கழித்து வந்தால், பானட்டுக்குள் தேங்கிய சூட்டில் காற்று வெப்ப சென்சார் கொதித்துக் கிடக்கும். உள்ளே வருகிற காற்று அவ்வளவு சூடு இல்லை, ஆனால் சென்சார் சொன்னதை நம்பி ஈசியு பெட்ரோலைக் குறைக்கும். பிடித்த என்ஜின் தடுமாறி நின்றுவிடும். கம்பெனி ஈசியுவில் இதற்கான திருத்தத்தை என்ஜினியர்கள் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து எழுதியிருப்பார்கள். தனி ஈசியுவில் அந்த அட்டவணையை நீங்களோ உங்கள் ட்யூனரோதான் எழுத வேண்டும். ஏசி போட்டதும் ஐடிலை ஏற்றுவது, ஃபேன் எப்போது சுற்றுவது, இதெல்லாமும் அப்படித்தான்.

என் ஓட்டு கம்பெனி ஒயரிங்குக்கு விழுவதற்குக் காரணமே இதுதான். திண்டிவனம் பக்கம் வண்டி நின்றால், அந்த என்ஜினைத் தெரிந்த மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி எந்த சென்சார் போயிற்று என்று பார்த்துச் சொல்வார், அது பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். தனி ஈசியு என்றால் லேப்டாப்போடு ட்யூனர் வரவேண்டும். வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுகிறீர்கள், லேப்டாப்பும் வைட்பேண்ட் சென்சாரும் (காற்று, பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளப்பது) வைத்து நீங்களே கற்றுக்கொள்ளத் தயார் என்றால் தாராளமாக அதில் இறங்குங்கள், கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

கார்புரேட்டர் யோசனை கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் காயில் பேக் உள்ள என்ஜினில், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. இக்னிஷனுக்கு எப்படியும் ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி தேவை, மேனிஃபோல்டும் தனியாகச் செய்யவேண்டும். அவ்வளவு செய்துவிட்டு இன்ஜெக்ஷனின் மைலேஜையும் பிக்கப்பையும் விட்டுவிடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இரண்டு உருப்படியான வழிகளுக்கும் பொதுவான செலவு சில உண்டு. பழைய வண்டியில் டைனமோ இருந்தால் அது ஐடிலில் சார்ஜே செய்யாது. பம்ப், காயில், இன்ஜெக்டர், ஃபேன் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது பேட்டரி இறங்கிவிடும், அதனால் ஆல்டர்னேட்டர் கட்டாயம். ஈசியுவை சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், வேளச்சேரியில் ஒரு மழைக்கே தண்ணீர் ஏறிவிடும். டாஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்தில் மாட்டுங்கள். இன்ஜெக்ஷன் லைனில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் இருக்கும், கார்புரேட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது, இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் அதை இன்னும் சீக்கிரம் அரித்துவிடும். அழுத்தத்துக்கும் எத்தனாலுக்கும் சேர்த்துத் தரச்சான்று உள்ள ஹோஸையே கேட்டு வாங்குங்கள்.

பம்ப் ரிலேயை ஈசியுதான் இயக்க வேண்டும். என்ஜின் சுற்றாவிட்டால் ஈசியு சில நொடிகளில் பம்பை நிறுத்திவிடும். வேலை சுலபம் என்று சில எலெக்ட்ரீஷியன்கள் பம்பை நேராக இக்னிஷனில் கொடுத்துவிடுகிறார்கள்; விபத்தில் ஹோஸ் அறுந்தால், சாவி ஆனில் இருக்கும்வரை பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஒயரிங் முடிந்து வண்டியை எடுக்கும்போது சாவியை மட்டும் ஆன் செய்து காதைக் கொடுங்கள். பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடிவிட்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சரிசெய்த பிறகு எடுத்து வாருங்கள்.