முதலில் பவர் பிஐ-யா, டேட்டாபேஸா? இரண்டையும் படித்தவனின் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கும், வெளிப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகும் துணியின் ஜாப் ஒர்க் டிசியும் (டெலிவரி சலான், அதாவது அனுப்புச் சீட்டு) என் பொறுப்பு. "எந்த டையிங்குக்குத் துணி கொடுத்தா நமக்குக் கட்டுப்படியாகும்?" என்று முதலாளி கேட்டார். டையிங் என்றால் சாயப்பட்டறை. இரண்டு நாள் எக்செல்லோடு மல்லுக்கட்டியும் உருப்படியான பதில் வரவில்லை. அதனால்தான் படிக்கப் போனேன். முதலில் ஆறு ஞாயிற்றுக்கிழமை, கணக்கை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருள் வகுப்பு. பிறகு மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளத்தில், தகவலை அடுக்கிச் சேமிப்பது பற்றிய ஐஐடி கரக்பூரின் எட்டு வார டேட்டாபேஸ் பாடம். இன்று யாராவது என்னிடம் கேட்டால், இரண்டாவதிலிருந்தே தொடங்கச் சொல்வேன்.

செலவு பெரிய விஷயமில்லை. பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் இலவசம். ஸ்வயத்தில் பாடம் பார்க்கக் காசு இல்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம். எக்செல்லில் வரிசை போதாது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். 2020இல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பின் 65,536 வரிசை வரம்பில் மாட்டி, ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகளைக் கணக்கில் விட்டது உண்மைதான். ஆனால் இப்போதைய எக்செல்லில் 10,48,576 வரிசை உண்டு. எங்கள் டிசி புத்தகம் அந்த எல்லையைத் தொடப் பல தலைமுறை ஆகும்.

வேகத்தில் பவர் பிஐதான் முன்னால். மூன்றாவது ஞாயிறே வண்ண வண்ணமாக ஒரு பக்கம் தயார். முதலாளிக்கும் சந்தோஷம். அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு டையிங்குக்குக் கொடுக்கும் வேலையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அந்தப் படம் தப்பு. தப்பு என்னுடையது.

நடந்தது இதுதான். ஏப்ரல் 18இல் ஒரு டிசியில் 500 கிலோ கிரே துணி (சாயம் ஏற்றாத துணி) போகிறது. 27ஆம் தேதி 180 கிலோ திரும்புகிறது. மே மாதம் 170, அப்புறம் 120. மொத்தம் 470 கிலோ, நஷ்டம் 30 கிலோ, அதாவது 6 சதவீதம். எங்கள் ஷீட்டில் வரவுக்கு ஒரு வரி. மூன்று வரியிலும் 500 என்று எழுதினால் 1,500 கிலோ போனதாகக் கூட்டிவிடும் என்று, முதல் வரியில் மட்டும் போட்டு மற்ற இரண்டையும் காலியாக விட்டிருந்தோம். மாதவாரியாகப் பிரித்ததும் ஏப்ரலில் 320 கிலோ மாயம். மே மாதத்தில் அனுப்பாத துணி 290 கிலோ வந்து நிற்கிறது. பெரிய லாட் எடுத்து, பிரித்துப் பிரித்துத் தரும் பட்டறை எதுவோ அதுதான் ஏப்ரல் படத்தில் சிவப்பாகத் தெரிந்தது.

டேட்டாபேஸ் பாடத்தில் இது இரண்டாம் வாரத்துச் சமாசாரம். அனுப்பியது ஒரு டேபிள், வந்தது இன்னொரு டேபிள், நடுவில் டிசி எண். ஒன்றுக்குப் பல, அதாவது ஒரு டிசிக்குப் பல வரவு. 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட் முன்வைத்த, தகவலை டேபிள்களாக வைக்கும் உறவுமுறை மாதிரியின் (ரிலேஷனல் மாடல்) வழி வந்த பாடம் இது. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் தெரிந்தால் மட்டும் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. இரண்டு டேபிளையும் நேரடியாக ஜாயின் செய்தால் (இணைத்தால்) 500 மறுபடியும் மூன்று தடவை வரும். வரவை டிசிவாரியாகக் கூட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இன்னும் முழுசாகத் திரும்பாத டிசியை நஷ்டத்தில் சேர்க்கவே கூடாது. கூட்டுவதற்கு முன் இப்படிச் சந்தேகப்படும் பழக்கம் கைவந்ததுதான் எட்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த லாபம்.

பட்டறையை எதை வைத்து அடையாளம் காண்பது என்பதிலும் தடுமாறினேன். ஒரே பேரை எங்கள் ஆட்கள் மூன்று விதமாக எழுதுவார்கள். சரி, ஜிஎஸ்டி எண்ணைச் சாவியாக வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரே முதலாளியின் இரண்டு யூனிட் ஒரே எண்ணில் ஓடலாம். பங்குதாரர் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் ஆனால் பான் மாறும், பான் உள்ளே இருப்பதால் ஜிஎஸ்டி எண்ணும் மாறும். கடைசியில் சொந்தமாக ஒரு குறியீடு கொடுத்தேன். வருடம் ஒன்றாகிறது, தொட வேண்டி வரவில்லை. எக்செல் காலத்தில் மாதாமாதம் பேர் திருத்தவே அரை நாள் போகும்.

நியாயமாகச் சொன்னால், பவர் பிஐயிலும் டேபிள்களை இணைக்கும் வசதி இருக்கிறது. எங்கள் வகுப்பில் அதற்குப் பத்து நிமிடம், வண்ணம் மாற்றுவதற்கு ஒரு ஞாயிறு. நல்ல ஆசிரியர் கிடைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. உங்கள் கம்பெனியில் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் பதியும் ஒழுங்கான இஆர்பி மென்பொருள் ஓடுகிறது, டேபிள்களை வேறொருவர் கட்டிக் காக்கிறார் என்றால் பவர் பிஐயே முதலில் படிக்கலாம். கரக்பூர் பாடத்திலும் டிரான்சாக்ஷன், ரெக்கவரி பகுதிகளை (பலர் ஒரே நேரம் பதிந்தாலும் கோளாறு வந்தாலும் தகவல் கெடாமல் காப்பது) நான் மேலோட்டமாகத்தான் ஓட்டினேன். இரண்டு பேர் டிசி ஏற்றும் இடத்தில் அதற்கு வேலை வரவில்லை. நூறு பேர் உட்காரும் அலுவலகத்தில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை.

இப்போது அடியில் போஸ்ட்கிரெஸ், மேலே அதே பவர் பிஐ பக்கம். வேலை குறைக்கப்பட்ட டையிங்குக்குப் பழைய அளவு திரும்பப் போகிறது. ஷேடு சரியில்லாமல் ரீ-டையிங் போகும் லாட்டைப் புது டிசியாக வைப்பதா, பழைய டிசியின் தொடர்ச்சியா என்று மட்டும் நானும் டையிங் மாஸ்டரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.