பழைய புல்லட்டுக்கு "டைமிங் அட்வான்ஸ்" செய்து தருகிறோம் என்று சொல்லும் கடைகளிடம் ஜாக்கிரதை

பாயிண்ட் (ஸ்பார்க் விழ வைக்கும் சிறு சுவிட்ச்) வைத்த பழைய புல்லட் ஓட்டுகிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என்னுடையது தொண்ணூறுகளில் அப்பா வாங்கிய 350 ஸ்டாண்டர்டு. சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் "டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணிட்டா பிக்கப்பும் ஏறும், மைலேஜும் ஏறும் சார்" என்று சொல்லி 2,800 ரூபாய் வாங்கினார்கள். டைமிங் என்பது பிளக்கில் ஸ்பார்க் விழும் நேரம், அட்வான்ஸ் என்றால் அதை இன்னும் முன்கூட்டி விழ வைப்பது. முடிவில் பிஸ்டன் போனது. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), புது பிஸ்டன், ரிங், லேத் கூலி எல்லாம் சேர்ந்து 12,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தக் கடை அதில் ஒரு ரூபாய்கூட ஏற்கவில்லை.

வண்டியை எடுத்த புதிதில் நன்றாகத்தான் இழுத்தது. அதற்கான காரணம் பிறகுதான் தெரிந்தது, கீழே சொல்கிறேன். கொஞ்ச நாளிலேயே கிக்கர் திருப்பி அடிக்க ஆரம்பித்தது. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, முறையாக மிதித்தாலும் காலைத் தூக்கி எறிந்தது. ஒருமுறை கணுக்கால் வீங்கி நடக்க முடியாமல் போனது. கடையில் போய்ச் சொன்னால், "புல்லட்டுன்னா அப்படித்தான் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். அப்புறம் ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது, த்ராட்டிலைத் திறந்தாலே இன்ஜினுக்குள்ளே சில்லறையைக் குலுக்குவது போல 'கிணிங் கிணிங்' என்று ஒரு சத்தம். திரும்பவும் கடைக்குப் போனேன். "பெட்ரோல் சரியில்ல, பிரீமியம் போடுங்க" என்றார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த இன்ஜினின் கம்ப்ரஷன், அதாவது கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற அளவு, 7-ஐ ஒட்டியதுதான். நம் பங்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலே அதற்குத் தாராளம். பிரீமியத்தில் கூடுதலாக இருப்பது ஆக்டேன். அது கூடினால் அதனாலேயே சக்தி கூடிவிடாது. நாக்கிங் (கலவை தானாக வெடித்து அந்தச் சத்தம் எழுப்புவது) வராமல் தாங்கும் திறன்தான் கூடும். இவ்வளவு குறைந்த கம்ப்ரஷன் உள்ள வண்டி பிரீமியம் கேட்கிறது என்றால் பெரும்பாலும் டைமிங் எல்லை மீறிப் போயிருக்கிறது, இல்லையென்றால் உள்ளே கரி படிந்திருக்கிறது. இது தெரியாமல் சொல்லியிருந்தால் அவர்கள் டைமிங்கில் கை வைக்கவே கூடாது. தெரிந்தே சொல்லியிருந்தால் அது மோசடி.

வண்டி புகை கக்கி, சக்தி செத்துப் போன பிறகு, அப்பாவுக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) தொடவே இல்லை. பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார், ஒரு 12 வோல்ட் பல்பை பாயிண்ட்டில் மாட்டினார், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் இன்ஜினை மெல்லச் சுற்றினார். பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்ப் எரியும். அந்த நொடியில் பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தார். இந்த 350-க்கு அது சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், கிராங்க் கணக்கில் ஏறக்குறைய 10 டிகிரி. என் வண்டியில் 2.5 மில்லிமீட்டர் காட்டியது, அதாவது 17 டிகிரிக்குப் பக்கம். இதுவும் வண்டி நிற்கும்போது உள்ள கணக்குதான். ஓடும்போது, வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்னே தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் யூனிட்டின் குண்டுகள் விரிந்து இதற்கு மேலேயும் அட்வான்ஸ் கூட்டும். அந்த யூனிட்டிலும் ஒரு ஸ்பிரிங் தளர்ந்து கிடந்தது. குறைந்த ஆர்.பி.எம்.-மிலேயே அட்வான்ஸ் முழுசாக விரிந்துவிடும்படி இருந்திருக்கிறது. மலையேற்றத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றிக்கொண்டு பெரிய சுமையை இழுக்கும். அட்வான்ஸ் அதிகமாக இருக்கவே கூடாத நேரம் அது.

"பாயிண்ட் கேப்பைப் பாருங்க தம்பி" என்று, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டுக் காட்டினார். 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டியது 0.6-க்கு விரிந்திருந்தது. கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங்கும் முன்னே போகும். போதாக்குறைக்குப் பாயிண்ட் பொருத்திய பிளேட்டையும் அட்வான்ஸ் பக்கமாகத் திருப்பி இறுக்கியிருந்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவது. அங்கே ஒரு டிகிரி நகர்த்தினால் கிராங்கில் இரண்டு டிகிரி மாறும். காதால் கேட்டு, கையால் திருப்பி வைக்கிற வேலை இல்லை இது.

முதலில் வண்டி நன்றாக இழுத்தது ஏன் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பாயிண்ட்டைத் திறக்கும் கேமில் உரசும் பாயிண்ட்டின் குதிகால் ஓட ஓடத் தேயும். கேப் குறைந்துகொண்டே வந்து டைமிங் தாமதமாகிவிடும். என் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் அந்த நிலையில்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். கேப்பைச் சரிசெய்து கம்பெனி அளவில் நிறுத்தியிருந்தாலே அந்தப் பிக்கப் முழுசும் கிடைத்திருக்கும். அவர்கள் "அட்வான்ஸ்" என்று விற்றதில் நல்ல பகுதி அவ்வளவுதான். அதற்கு மேல் திருப்பியது முழுக்க நாசம்.

சரி, கம்பெனி அளவைத் தாண்டி அட்வான்ஸ் செய்வதால் பிரயோஜனமே இல்லையா? ஸ்பார்க் விழுந்ததும் கலவை மொத்தமாக எரிந்துவிடுவதில்லை. நெருப்பு பரவ நேரம் வேண்டும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே ஸ்பார்க் விழுகிறது. அழுத்தத்தின் உச்சம், பிஸ்டன் மேலே தொட்டுத் திரும்பி 15 டிகிரி சுமாருக்கு இறங்கும்போது கிடைத்தால் தள்ளுவிசை வீணாகாது. இந்தச் சரியான இடத்தை ஒட்டி ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே போனால் சக்தியில் வித்தியாசம் மிகச் சொற்பம், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆனால் முன்னே போகிற ஒவ்வொரு டிகிரியும் நாக்கிங்குக்கு அருகே கொண்டு போகிறது. கிடைப்பது துளி, போவது பிஸ்டன். கம்ப்ரஷனைக் கூட்டியவர்கள், வால்வு கேம் மாற்றியவர்கள், சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்க்க வசதியுள்ள ரேஸ்காரர்கள் இவர்களுக்கு அந்த உழைப்பு பயன்படும். கூட்டுவதா குறைப்பதா என்பதையும் அவர்கள் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தினமும் ஆபீஸ் போய்வரும் ஸ்டாக் வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஹெட்டைத் திறந்தபோது பிஸ்டன் தலையின் ஓரமெல்லாம் உளி வைத்துக் கொத்தியது போல அரித்திருந்தது. மேல் ரிங் உட்காரும் விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அலுமினியப் பொட்டுகள். அந்தப் பிஸ்டனை எடுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அதன் முதலாளி, "சைலன்சர் பெண்டு நீலமே அடிக்கல, இன்ஜின் சூடாகவே இல்ல. நீங்க ஆயில் பார்க்காம ஓட்டியிருப்பீங்க" என்று பழியை என் மேல் போட்டார். ஆயில் நிறையவே இருந்தது. ஹெட்டைத் திறக்குமுன் அந்த மெக்கானிக்கும் அதைப் பார்த்தார். நீல வாதமும் தலைகீழ். டைமிங் தாமதமானால்தான் கலவை கடைசிவரை எரிந்துகொண்டே வெளியேறி, ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்டு பைப்பைச் சுட்டு நீலமாக்கும். அட்வான்ஸ் அதிகமானால் சூடு ஹெட்டிலும் பிஸ்டனிலும் தேங்கும், வெளியேறும் புகை அந்த அளவு சூடாக இருக்காது. பெண்டு பளபளப்பாக இருந்தது அவருக்கு எதிரான சாட்சி.

பில்லில் "டியூனிங்" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள், அளவு எதுவும் இல்லை. அதனால் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: டைமிங்கைத் தொடுகிறோம் என்று யார் சொன்னாலும், முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு வைத்தீர்கள் என்று மில்லிமீட்டரிலோ டிகிரியிலோ பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் அளக்கவில்லை என்று அர்த்தம். கழற்றிய பாகங்களை விட்டுவிட்டு வராதீர்கள். சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். நான் பேசிப் பதிவு செய்துவிட்டேன்.

ஏற்கெனவே இப்படி "அட்வான்ஸ்" செய்துகொண்டவர்கள், கிக்கர் திருப்பி அடித்தாலோ ஏற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டாலோ வண்டியை மேலே விரட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றிப் பீங்கானில் பொட்டுகள் இருக்கின்றனவா பாருங்கள். கேப்பை 0.35-க்கும் 0.40-க்கும் நடுவே வைத்து, ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங்குகளைச் சோதித்து, பல்ப் போட்டு டைமிங்கைக் கம்பெனி அளவுக்குத் திருப்பச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான்.