கடல் உயிரினங்களைக் காப்பாத்தற ப்ராஜெக்ட்ல கணக்கு வேலைன்னா, கடலோரத்துல போயி உக்காரவா, கோயமுத்தூர்ல இருந்தே கணக்கு பாக்கவா?

பாக் விரிகுடாவுல 2022ல 448 சதுர கிலோமீட்டருக்கு கடற்பசு காப்பகம் அறிவிச்சாங்கல்ல, அந்த மாதிரி ப்ராஜெக்ட்டுக்கெல்லாம் டைவ் அடிக்கற ஆளு மட்டும் பத்தாதுங்க, டேலி, அதாவது கணக்கு எழுதற சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஆளும் வேணும். நம்மூர்ல பனியன் கம்பெனி கணக்கு பாத்த ஆளுக்கு இது பெரிய வேலையே இல்லீங்க.

அங்கயே போனா என்ன நல்லதுன்னா படகு வாடகை, டீசல், மீனவருக்கு குடுத்த கூலி எல்லாத்துக்கும் அன்னிக்கே வவுச்சர் வாங்கிப்போடலாம், அஞ்சாயிரத்துக்கு மேல போனா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி கையெழுத்தும் வாங்கணுமே, அதை வாட்ஸப்ல கேட்டு வாங்கறதுக்குள்ள மார்ச் முடிஞ்சு ஆடிட்டர் வந்து நிப்பாரு. உப்புக்காத்துதான் ஒரு ரோதனை, ப்ரிண்டர் சீக்கிரம் போயிரும்.

கோயமுத்தூர்ல இருந்தா ரூம் வாடகை மிச்சம், வீட்டுச்சோறு. வெளிநாட்டுப் பணம் வர்ற ப்ராஜெக்ட்னா டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்லதான் வரவு, 2020ல இருந்து நிர்வாகச் செலவு அந்தப் பணத்துல 20 சதவீதம் தாண்டக்கூடாது, நம்ம சம்பளமும் அதுக்குள்ளதானுங்க, அதனால பார்ட்டைம்னா ப்ராஜெக்ட்காரங்களுக்கும் சௌகரியம்.

என்னைக் கேட்டா மொத வருசம் அங்க போங்க, பில்லு ஒழுங்கா வர ஆரம்பிச்சதும் பஸ் ஏறி வந்துருங்க.