ஒரே மயக்கத்தில் பைபாஸும் மகாதமனி அறுவையும்: ஒரு மருத்துவமனைச் சேவை குறித்து

என் தந்தையாருக்கு 71 வயதில், இதயத்தின் இடது பிரதான தமனியில் கடுமையான அடைப்பும் வயிற்று மகாதமனியில் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் முதன்மை ரத்தக்குழாயின் வயிற்றுப் பகுதி) 6.4 சென்டிமீட்டர் வீக்கமும் ஒரே வாரத்தில் கண்டறியப்பட்டன. அந்த இடத்தில் மகாதமனி இயல்பாக ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலமே இருக்கும். ஆண்களுக்கு அது 5.5-ஐத் தொட்டாலே அறுவையைப் பற்றி மருத்துவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். முதலில் நாங்கள் சென்ற இடத்தில் இதயப் பிரிவு ரத்தநாளப் பிரிவைக் கைகாட்டியது, ரத்தநாளப் பிரிவு இதயப் பிரிவைக் கைகாட்டியது. இரண்டையும் சேர்த்தே செய்யும் இன்னொரு மருத்துவமனையைத் தேடிப் போனது அதனால்தான்.

அங்கே இரு அறுவை மருத்துவர்களும் மயக்க மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஸ்கேன் உறையின் பின்புறத்தில் படம் வரைந்தே விளக்கினார்கள். பைபாஸை முதலில் செய்துவிட்டுச் சில வாரங்கள் பொறுத்தால், அந்த இடைவெளியில் வீக்கம் வெடித்துவிடக்கூடும். வீக்கத்தை முதலில் சரிசெய்ய முனைந்தால், மகாதமனியைக் கவ்வியால் அடைக்கும்போது இதயத்தின் மீது திடீரென ஏறும் சுமையைத் தாங்க முடியாமல் மாரடைப்பு வரக்கூடும். வயிற்றைத் திறக்காமல், ரத்தக்குழாயை உள்ளிருந்து தாங்கும் ஸ்டென்ட் உறையைத் தொடை வழியாகச் செலுத்தும் முறை 1990 முதல் நடைமுறையில் இருந்தாலும், சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே வீக்கத்தின் கழுத்து, அதாவது வீக்கம் தொடங்குவதற்கு முன்னுள்ள இயல்பான பகுதி, மிகக் குட்டையாக இருந்ததால், உறை பிடித்து நிற்க இடமில்லை என்றார்கள்.

அவர்கள் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது அதற்கடுத்த பேச்சில்தான். நிலையான இதய நோய் உள்ளவர்களுக்கு, ரத்தநாள அறுவைக்கு முன்பே இதய அடைப்பைச் சரிசெய்வதால் ஆயுள் கூடுவதில்லை என 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதையும், இடது பிரதான தமனியில் அடைப்புள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் கேட்காமலே சொன்னார்கள். அதாவது இந்த இரட்டை அறுவை பெரும்பாலானோருக்குத் தேவைப்படாத ஒன்று, தந்தையார் விதிவிலக்கு.

அறுவை ஒன்பது மணி நேரம் நடந்தது. இதய நுரையீரல் இயந்திரத்தில் ஏற்றாமல், துடிக்கும் இதயத்திலேயே, அடைப்பைத் தாண்டி ரத்தம் செல்லும் மாற்றுவழியாக மார்புத் தமனியையும் கால் சிரையையும் இணைத்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் குறைவாகப் போதும் என்பதால், பிறகு வயிற்றைத் திறக்கும்போது ரத்தக்கசிவு அபாயம் குறையும் என்பது காரணம். அதன்பின் வீங்கிய பகுதியைத் திறந்து டேக்ரான் என்ற செயற்கை இழைக் குழாயைப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியபோது, தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் மணிக்கு மணி சிறுநீர் அளவு எழுதியிருந்த தாளைக் காட்டி, எதைக் கவனிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவைத்தார். இருமும்போது மார்போடு அணைத்துக்கொள்ளத் தந்த சிறு தலையணையை அப்பா இன்னும் விடவில்லை.

குறை, வீடு திரும்பிய நாளில் தொடங்கியது. அறுவை அரங்கில் ஒன்றாக நின்ற இரு பிரிவுகளும் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தனித்தனியாகக் கொடுத்தன. ஒன்றில் ஆஸ்பிரினுடன், அதைப் போலவே ரத்தக் கட்டியைத் தடுக்கும் குளோபிடோகிரெலும் இருந்தது, மற்றதில் ஆஸ்பிரின் மட்டுமே இருந்தது. மறுபரிசோதனைத் தேதிகளும் அடுத்தடுத்த நாட்களில் விழுந்தன. சிரை எடுத்த காலின் காயத்தை யார் பார்ப்பது என்பது இரு தாள்களிலுமே இல்லை. எது சரி என அறிய நான்கு முறை தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது; மார்பிலும் வயிற்றிலும் தையலோடு படுத்திருப்பவரின் வீட்டாருக்கு அது சிறிய அலைச்சல் அல்ல.

அறுவைக்காக இந்த இடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் செல்பவர்கள், மருந்துகளும் தேதிகளும் ஒரே தாளில் எழுதப்பட்டு இரு பிரிவினரும் கையொப்பமிடும் வரை வார்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.