"ஆம்பூர் எக்ஸ்போர்ட் மிச்சம், ஆன்லைனில் விற்கலாம்": பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வேலூர் புதிய பேருந்து நிலையம், காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் போகிறவர்கள் அந்த நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலிருந்தே மாதம் 50,000 ரூபாய், ஆம்பூர் எக்ஸ்போர்ட் மிச்சத் தோல் பொருட்களை ஆன்லைனில் விற்கலாம், அறிமுக வகுப்பு இலவசம், பெண்களுக்கு முன்னுரிமை. நானும் குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கையும் போனோம். இருவர் பணமுமாகச் சேர்ந்து 71,000 ரூபாய் வகுப்பு நடத்திய ஆளிடம் போயிருக்கிறது.

அவர் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். பெயரைவிட அவர் பணம் பறிக்கும் வழி தெரிவதுதான் முக்கியம். இதே வழியில் வேறு ஆட்களும் கிளம்பியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

வகுப்பு ஓர் உணவகத்தின் மாடியில் நடந்தது. சமோசா, டீ எல்லாம் உண்டு. திரையில் தன் கைப்பேசியைக் காட்டினார். ஒரு மாதத்தில் நான்கு லட்சத்துக்குமேல் விற்பனை என்று எண்கள் ஓடின. அது மொத்த விற்பனைத் தொகை. திரும்பி வந்த பொருள், தளத்தின் கமிஷன், கூரியர், வரி எதுவும் அதில் கழிக்கப்படவில்லை. வங்கிக்கு வந்த பணத்தைக் காட்டுங்கள் என்று ஆரணியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார். "ஐயா, அது அடுத்த வகுப்பில் வரும்" என்று பதில் சொன்னார். அடுத்த வகுப்பு பணம் கட்டியவர்களுக்கு மட்டும். அதிலும் அது வரவில்லை.

ஆளுக்குப் பயிற்சிக் கட்டணம் 12,000, முதல் ஸ்டாக் 20,000, ஜி.எஸ்.டி. பதிவுக்கு 3,500. அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் விற்பனையாளராகப் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவுக்கும் அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. படிவம் நிரப்பித் தரும் கணக்கருக்குக் கூலி கொடுப்பது வேறு விஷயம். இவரோ 3,500 ரூபாயை "கவர்ன்மென்ட் ஃபீஸ்" என்றே சொல்லி வாங்கினார்.

அந்தப் பதிவு எங்களுக்கு அப்போது தேவைதானா என்பதே கேள்வி. 2023 அக்டோபர் முதல், தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வியாபாரி, ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருந்தால், பான் எண்ணை வைத்து ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு தளத்தில் விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால்தான் பதிவு கட்டாயம். இதை வகுப்பில் அவர் வாயே திறக்கவில்லை. பதிவு இருந்தால் விற்றாலும் விற்காவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் 50 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகும். "ஃபைலிங் எல்லாம் நம் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் அக்கா" என்றார். பார்க்கவில்லை. தாமதக் கட்டணத்தை நாங்கள்தான் கட்டினோம்.

இனி சரக்குக்கு வருகிறேன். ஒரு பர்ஸ் 160 ரூபாய் வீதம் ஆளுக்கு 125 பர்ஸ். வெறும் பாலிதீன் உறையில் வந்தன. பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது பொதிந்தவரின் முகவரி, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு எல்லாம் உறையில் இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. தளத்தில் லிஸ்டிங் போடும்போது அந்த விவரங்களையெல்லாம் கேட்கிறது. என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, "ஆம்பூர் என்று போடுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பினார். அந்தச் செய்தி இன்னமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வடஆற்காட்டுக்காரர்களிடம் ஆம்பூர் பெயரைச் சொல்லித் தோல் விற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். எங்கள் சித்தப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பர்ஸை இரண்டு பக்கமும் மடித்துப் பார்த்தார். கத்தரிக்கோல் கேட்டார். மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்து விளிம்பை வெட்டினார். மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அடியில் வெள்ளைத் துணி. வெட்டிய இடத்தில் நூல் நூலாகப் பிரிந்து வந்தது. தோலாக இருந்தால் அந்த விளிம்பு நார் போலப் பின்னிக்கொண்டு நிற்கும், துணியாகப் பிரியாது. பிறகு அந்தத் துண்டைத் தீக்குச்சியில் காட்டினார். உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக உறைந்து, பிளாஸ்டிக் நாற்றம் வீசியது. அசல் தோல் கருகினால் தலைமயிர் பொசுங்கிய வாடைதான் வரும்.

"இந்தப் பர்ஸ் மாட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை அம்மா" என்றார் சித்தப்பா. எக்ஸ்போர்ட் மிச்சம் என்ற கதையைச் சொன்னதும் சிரித்தார். அவர் வேலை செய்த இடத்தில் வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரை குத்திய கழிவுப் பொருளை வெட்டிச் சிதைத்த பிறகுதான் வெளியே விடுவார்களாம். முழுதாக ஒன்று கேட் தாண்டினால் சூப்பர்வைசரின் வேலை போய்விடும் என்றார்.

பிறகு லாங்கு பஜாரில் பை, பர்ஸ் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் விசாரித்தோம். அதே மாதிரி ரெக்சின் பர்ஸை டஜன் கணக்கில் எடுத்தால் ஒன்று 55 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். அவருடைய வியாபாரம் எங்கே நடக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. அவருக்கு ஆன்லைனில் பர்ஸ் விற்கவே தேவையில்லை. மாடியில் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள்.

சரி, நல்ல சரக்காகவே இருந்திருந்தால் லாபம் வந்திருக்குமா? கணக்கைப் பாருங்கள். அவர் சொன்னபடி 399 ரூபாய்க்குப் போட்டோம். பர்ஸுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 399-க்குள் வரி மட்டும் 61 ரூபாய். தளத்தின் கமிஷன், நிலையான கட்டணம், அனுப்பும் செலவு எல்லாமாக 110-ஐ ஒட்டி வந்தது. மீதி 228. அதில் பர்ஸின் விலை 160, கவர், லேபிள், டேப் 8 போனால் கையில் நிற்பது 60 ரூபாய். முறையான வரிப் பில் தந்திருந்தால் வாங்கும்போது கட்டிய வரியில் 24 ரூபாய் அளவுக்குக் கழித்துக்கொண்டிருக்கலாம். அவர் தந்தது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச்சீட்டு. அதில் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

வாங்கியவர் "அசல் தோல் இல்லை" என்று திருப்பினால் என்ன ஆகும்? திரும்பி வரும் கூரியர் செலவு எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 95 ரூபாய் பிடித்தார்கள். வந்த பர்ஸில் மடிப்பு விழுந்தோ கீறல் விழுந்தோ இருந்தால் அதை மறுபடி விற்க முடியாது. ஒரு ரிட்டர்ன் வந்தால் நான்கு பர்ஸ் விற்ற லாபம் காலி. ஒருவர் எங்கள் பர்ஸை வைத்துக்கொண்டு தன் பழைய பர்ஸை உறையில் போட்டு அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு பழைய பஸ் டிக்கெட்கூட இருந்தது. பொதியும்போதும் திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும் வீடியோ எடுத்து வைத்தால்தான் தளத்திடம் வாதாட முடியும். இதைப் பயிற்சியில் சொல்லவே இல்லை. தளத்தின் உதவிப் பக்கத்தில் தமிழிலேயே இலவசமாக எழுதியிருக்கிறார்கள்.

அனுப்பும் கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பொருளின் எடையை மட்டும் வைத்துக் கட்டணம் போடுவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் கிலோவாகக் கொண்டு, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். அவரோ "பிரீமியம் தோற்றம்" வேண்டும் என்று பெரிய அட்டைப் பெட்டிகளையும் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். நல்லவேளை, தங்கை அளவு போட்டுப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டாள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். தங்கைக்கு வந்த சரக்கில் சில பர்ஸ்களின் மேல் புகழ்பெற்ற ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் முத்திரை அழுத்தியிருந்தது. அதன் படத்தைப் போட்ட லிஸ்டிங்கை, உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கேட்டுத் தளம் நீக்கியது. பிறகு கணக்கையே முடக்கியது. கணக்கு போனது பெரிய விஷயமில்லை. போலி முத்திரையிட்ட பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். விற்றவர் என்று ஆவணத்தில் இருப்பது தங்கையின் பெயரும் பான் எண்ணும்தான். எஸ்டிமேட் சீட்டை வைத்துக்கொண்டு "இவரிடம் வாங்கினேன்" என்று எப்படி நிரூபிப்பது? குடும்பத்தில் இரண்டு நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பணம் கட்டும்வரை அக்கா, கட்டிய பிறகு மேடம். போலீஸ் என்றதும் "யாருங்க நீங்க" என்று கேட்டுவிட்டு எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நோட்டீஸில் அச்சிட்டிருந்த ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 15 இலக்கம். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும், அடுத்த பத்து இலக்கம் அவருடைய பான் எண். இவருடையது எப்போதோ ரத்தாகியிருந்தது.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டபோது ஒரு விஷயம் தெரியவந்தது. மறுபடி விற்பதற்காகப் பொருள் வாங்கியவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார். ஆகவே 20,000 ரூபாய்ச் சரக்குக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பயிற்சிக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேவைக்குக் கொடுத்த பணம் என்பதால் அதற்கு மட்டும் வேலூர் மாவட்ட ஆணையத்தில் மனு தயாராகிறது. ஐந்து லட்சம் வரையிலான மனுவுக்குக் கட்டணம் இல்லை. முன்னதாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். கூகுள் பே மூலம் பணம் அனுப்பிச் சிறிது நேரமே ஆகியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதமானால் பணம் கை மாறிவிடும்.

அடுத்த வகுப்பு வாலாஜாபேட்டையில் என்று புதிய நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கைப்பேசி எண் வேறு, வாசகம் அதேதான். போகிறவர்கள் பணத்தை எடுக்கும் முன் வரிப் பில் கேளுங்கள், ஒரு பர்ஸை வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் எஸ்டிமேட் சீட்டு, கூகுள் பே பதிவு, பர்ஸ் வந்த உறை எதையும் எறிந்துவிடாதீர்கள். கூட்டாகப் புகார் கொடுத்தால் வலு கூடும் என்று நிலையத்திலும் சொன்னார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்கிறவரை அடுத்த நிமிடமே நீக்கிவிடுகிறார். ஆகவே முதலில் மொத்த உரையாடலையும் சேமித்து வைத்துவிட்டு, பிறகு கேள்வி கேளுங்கள்.