எச்61 போர்டுக்கு ஐ5-3470ஆ, ஐ7-3770ஆ, ஜியானா, இல்லை பெட்டியையே மாற்றுவதா?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் ப்ராசசர் விற்கும் கடையில் நின்று "எச்61 போர்டு, இப்ப ஐ3 இருக்கு, மேல என்ன போடலாம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஐ7-3770தான் பதிலாக வரும். அந்த போர்டின் சாக்கெட்டில், அதாவது ப்ராசசரைப் பொருத்தும் இடத்தில், உட்காரும் பெரிய ப்ராசசர்களில் அது ஒன்று என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பணத்துக்கு அது சரியான பதிலா என்பது வேறு கேள்வி. எச்61 என்ற இன்டெல் சிப்செட் உள்ள மதர்போர்டோடு 2011 முதல் 2013 வரை அசெம்பிள் செய்த பெட்டிகள் இன்னும் பெங்களூர் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒன்று வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அல்சூரில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் அக்கா ஒருவர், "தம்பி, ப்ராசசர் மாத்திட்டா இது சரியாயிடுமா?" என்று கேட்டார். ஐ3-2120, நான்கு ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். கோரல்டிராவில் ஒரு பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். சிபியு, அதாவது ப்ராசசரின் உழைப்பு, பாதிகூட ஏறவில்லை. டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் சிவப்பாக நின்றது, கீழே இறங்கவே இல்லை. இந்த நிலையில் எந்த ப்ராசசரைப் போட்டாலும் காசுதான் வீண். முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி, ரேம் எட்டு ஜிபி. எச்61 சிப்செட்டில் டிஸ்க்கை இணைக்க இருப்பது பழைய சாட்டா 2தான், அதனால் எஸ்எஸ்டியின் முழு வேகமும் கிடைக்காது என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்க ஹார்டு டிஸ்க் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கம்ப்யூட்டரை இழுக்க வைக்கிறது. அது சாட்டா 2லேயே போய்விடும்.

எஸ்எஸ்டி போட்ட பிறகு அதே டாஸ்க் மேனேஜரை மறுபடி திறந்தால், இப்போது நூறைத் தொடுவது சிபியு. குரோமில் வாட்ஸ்அப் வெப், பத்துப் பன்னிரண்டு டேப், பின்னால் ஒரு பிடிஎஃப் எக்ஸ்போர்ட் என்று சேர்ந்தால் இரண்டு கோர் ஐ3 மூச்சு வாங்குகிறது. ப்ராசசர் பேச்சு இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது போர்டு. எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் இரண்டு தலைமுறை உட்காரும்: 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ், 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ். பெயரில் முதல் எண் 2 என்றால் சாண்டி, 3 என்றால் ஐவி. எச்61 போர்டு ஐவியை ஏற்க வேண்டுமானால் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதியதாக இருக்க வேண்டும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலையும், அதன் ரிவிஷன் எண்ணையும் சேர்த்துத் தேடி, ஆதரவுப் பட்டியலில் எந்த பயாஸ் பதிப்பு என்று பாருங்கள். அப்டேட்டைப் பழைய ப்ராசசர் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். புதியதைப் போட்டுவிட்டால் திரையே வராது. யுபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மே மாத மழையில் இந்த ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, பாதியில் நின்ற பயாஸ் அப்டேட் போர்டையே கொன்றுவிடும். பிராண்டட் பெட்டிகளில் இன்னொரு சிக்கல்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 990 ஆகியவை சாண்டியோடு நின்றுவிட்டன, 7010தான் இரண்டையும் ஏற்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டிகள்.

சரி, இப்போது நேருக்கு நேர்.

ஐ5-3470இல் நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), 3.2 கிகாஹெர்ட்ஸ், டர்போவில், அதாவது தேவைப்படும்போது ஏறும் வேகத்தில், 3.6. ஐ7-3770இல் அதே நான்கு கோர், ஆனால் எட்டு த்ரெட், 3.4இலிருந்து 3.9 வரை, கேஷ் ஆறுக்குப் பதில் எட்டு எம்பி. இரண்டுமே 77 வாட்ஸ். ஐ3இலிருந்து வருபவருக்குப் பெரிய மாற்றம் தருவது இரண்டு கோர் நான்காக மாறுவதுதான், அது ஐ5இலேயே கிடைத்துவிடுகிறது. டைப்பிங், டேலி, பிரவுசர், பத்திரிகை டிசைன் இவற்றில் ஐ7க்கும் ஐ5க்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். வீடியோ ரெண்டர், பெரிய ஜிப் கோப்பு, விர்ச்சுவல் மெஷின் என்று எல்லா கோரையும் சேர்த்து இழுக்கும் வேலைகளில்தான் அந்தக் கூடுதல் நான்கு த்ரெட் தெரியும். ஆனால் செகண்ட் ஹேண்டில் ஐ7இன் விலை ஐ5ஐவிட நன்றாகவே அதிகம். "அந்த போர்டுக்குக் கடைசி" என்ற பெயருக்கே ஒரு விலை இருக்கிறது. என் கணக்கில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஐ5-3470 போதும்.

உள்ளே இருக்கும் கிராபிக்ஸில் ஐ7 ஒரு படி மேல்: எச்டி 4000. ஐ5-3470இல் இருப்பது எச்டி 2500. கார்டு இல்லாமல் சின்ன கேம் ஆடுபவருக்கு இது தெரியும். ஆனால் யூடியூபுக்கு இரண்டும் ஒன்றுதான். இப்போது யூடியூப் பெரும்பாலும் அனுப்பும் விபி9 என்ற வீடியோ வடிவத்தை இந்தத் தலைமுறை கிராபிக்ஸ் எதுவும் தானாக டீகோட் செய்யாது (பிரித்துத் திரையில் காட்டாது), முழுப் பாரமும் கோர்கள் மேல் விழுகிறது. ஐ3இல் 1080பி வீடியோ திக்கித் திக்கி ஓடுவதற்கு இதுதான் காரணம். பிரவுசரில் எச்.264 வடிவத்தை மட்டும் கேட்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சேர்த்தால் பழைய கிராபிக்ஸே அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். வெறும் யூடியூபுக்காகப் ப்ராசசர் மாற்ற நினைத்தவர்கள் இதை முதலில் செய்து பார்க்கலாம், பைசா செலவில்லை.

ஐ7-2600, அதாவது சாண்டி ஐ7, விலையில் 3770க்குக் கீழே கிடைக்கும். பயாஸ் அப்டேட்டே வராத போர்டுக்கு இதுதான் நல்ல கதி. ஆனால் இது 95 வாட்ஸ். ஐ3உடன் வந்த தட்டைக் கூலரை அப்படியே இதன் மேல் வைத்தால் சூடு ஏறி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மலிவு எச்61 போர்டுகளில் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் மின்சாரம் தரும் பகுதிக்கு ஹீட்சிங்க்கூட இருக்காது. நாள் முழுக்க ரெண்டர் ஓடும் இடத்தில் நான் இதைப் போட மாட்டேன். அந்த மாதிரி போர்டுக்கு ஐ5-2400 போதும், அதுவும் 95 வாட்ஸ்தான் என்பதால் கூலர் விஷயத்தில் இதே கவனம் வேண்டும், ஆனால் செலவு குறைவு.

ஜியான், அதாவது இன்டெலின் சர்வர் வகை ப்ராசசர், பற்றி விவரம் தெரிந்தவர்கள் அடிக்கடி சொல்வார்கள்: இ3-1230 வி2. நான்கு கோர், எட்டு த்ரெட், 3.3இலிருந்து 3.7, வெறும் 69 வாட்ஸ். 3770க்கு மிக அருகில் வரும் வேகம், பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலை. ஒரே ஒரு குறை, அதுவும் பெரிய குறை: உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் மாட்டினால் ஃபேன் சுற்றும், மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். வி2 வரிசையில் 1225, 1245, 1275 என்று ஐந்தில் முடியும் மாடல்களுக்கு கிராபிக்ஸ் உண்டு. ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர், போர்டின் பட்டியலில் ஜியான் பெயரும் இருந்தால், 3770ஐத் தேடாமல் இதை எடுக்கலாம். என் ஓட்டு இங்கே ஜியானுக்குத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வரம்பு ஒன்று உண்டு. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்புறம், ஐவி வரையிலான எந்த இன்டெல் ப்ராசசரிலும் ஏவிஎக்ஸ்2 என்ற கணக்குக் கட்டளைத் தொகுதி கிடையாது. சில புதிய மென்பொருள்கள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது. ஆகவே ஐ7-3770க்குக் கொடுக்கும் பணம், பின்னால் கதவு சாத்தப்பட்ட வீட்டுக்குள் வாங்கும் பெரிய அறை.

இங்கேதான் பெங்களூருக்கு ஒரு வசதி. குத்தகைக் காலம் முடிந்ததும் ஐடி கம்பெனிகள் ஆபீஸ் டெஸ்க்டாப்களை மொத்தமாக வெளியே விடுகின்றன. அவை துடைத்து, எஸ்எஸ்டி மாட்டி, ரீஃபர்பிஷ்டு என்று விற்பனைக்கு வருகின்றன. அதில் ஐ5-8500 உள்ள பெட்டியைத் தேடுங்கள்: ஆறு கோர், 3.0இலிருந்து 4.1, டிடிஆர்4 ரேம், சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி, விபி9ஐ கிராபிக்ஸே பார்த்துக்கொள்ளும், விண்டோஸ் 11 ஓடும். விண்டோஸ் லைசென்ஸும் பெரும்பாலும் பயாஸிலேயே இருக்கும். ஐ7-3770ஓடு புது ரேமும் கூலரும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இன்னும் கொஞ்சம் போட்டு முழுப் பெட்டியையே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடங்கள் உண்டு. ஐ5-6500 போட்ட பெட்டியையும் அதே அடுக்கில், அதே பளபளப்போடு வைத்திருப்பார்கள். அது ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. கைக்கு அடக்கமான குட்டிப் பெட்டிகளில் 8500க்குப் பின்னால் 'டி' என்ற எழுத்து இருக்கும். அது 35 வாட்ஸ் மாடல், 2.1இல்தான் தொடங்கும், லேப்டாப் ரேம்தான் பிடிக்கும். ஒல்லிப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் மின்சாரம் தரும் பாகம்) அந்தக் கம்பெனியின் சொந்த அளவு. பழுதானால் பக்கத்துக் கடையில் வேறொன்றை வாங்கி மாட்ட முடியாது. கிராபிக்ஸ் கார்டு ஆசை இருந்தால் டவர் மாடலாகப் பாருங்கள். பயாஸுக்குள் போய் பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

புதிதாகவே வாங்க முடிந்தவருக்கு ஐ3-12100, எச்610 போர்டு, டிடிஆர்4. நான்கு கோர்தான், ஆனால் ஒற்றைக் கோர் வேகத்தில் 3770ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இதெல்லாம் இன்டெல் பழைய பெட்டிக்கு. உங்களுடையது 2017, 2018 வாக்கில் வாங்கிய ஏஎம்டி ரைசன் என்றால் பேச்சே வேறு. ஏஎம்4 சாக்கெட்டின் பி350, ஏ320 போர்டுகளில் பலவற்றுக்கும் 2022இல் ரைசன் 5000 ஆதரவு வந்துவிட்டது. ரைசன் 5 1600ஐக் கழற்றி 5600ஐப் போட்டால் ஆறு கோர், டர்போ 4.4, விண்டோஸ் 11உம் ஓடும். அங்கே பெட்டியை மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒன்று மட்டும்: பின்கள் ப்ராசசரில்தான் இருக்கின்றன, நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டால் ப்ராசசரும் கூலரோடு சேர்ந்து பிடுங்கி வரும். கொஞ்ச நேரம் பாரமான வேலை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள்.

அக்காவுக்கு நான் ஐ5-3470தான் போடச் சொன்னேன். அவரிடம் இருக்கும் பத்திரிகை மாதிரிகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், பழைய கோரல்டிரா பதிப்பில் இருக்கின்றன. அந்த ஏற்பாடு அந்தப் பெட்டியில் நன்றாகவே ஓடுகிறது, அதைக் கலைக்க அவருக்கும் மனமில்லை. நெட் வேலையை மட்டும் அதில் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் ப்ரோகிராமிங் படிக்கும் அவர் மகனுக்கு அதே பெட்டி வேண்டாம், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் ஓட்ட வேண்டியவனுக்கு 8500 டவர், 16 ஜிபி.

கடையில் ப்ராசசரைக் கையில் வாங்கியதும் உலோக மூடி மேல் பொறித்த பெயரை நீங்களே வாசியுங்கள். ஓரத்தில் கீறலோ, அடிப்பக்கத் தங்கப் புள்ளிகளில் கறுப்போ இருந்தால் வேறு கேளுங்கள். அங்கேயே ஒரு போர்டில் மாட்டி, விண்டோஸ் வரை கொண்டுவந்து, எத்தனை கோர், எத்தனை த்ரெட் என்று காட்டச் சொல்லுங்கள். டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பதை வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள்.